நிழற்பட இணையத்தளம்: தொடக்கநிலையாளர் எதிர்கொள்ளும் இடர்களும் அவற்றின் காரணங்களும்

இலங்கைக்கு நிழற்படக் கலை புதியதன்று. ஆங்கில நாட்டின் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞரான யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளை இத்தீவிற் கழித்து, 1879ஆம் ஆண்டில் இங்கேயே உயிர்நீத்தார். கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் (1900–1944) இந்நாட்டின் மக்களையும் காட்சிகளையும் ஒளியாலும் நிழலாலும் வடித்துப் பெரும்புகழ் எய்தினார். அவர் மறைந்த பின்னர் அவருடைய படங்களின் மூலச்சுருள்கள் அழிக்கப்பட்டன. அச்சிடப்பெற்ற படிகள் தப்பியமையாலேயே அவருடைய கலை இன்றும் உலகிற்குத் தெரிகின்றது.

படிகள் தப்பாத இடங்களும் உள. 1983ஆம் ஆண்டு யூலை மாதக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் இல்லங்கள் எரியூட்டப்பட்டபோது, அலுமாரிகளில் இருந்த குடும்ப அல்பங்களும் அவற்றோடு சாம்பராயின. தம் பெற்றோரின் மணக்கோலத்தைக் காட்டும் படம் ஒன்றேனும் இல்லாத குடும்பங்கள் இன்றும் கொழும்பில் உண்டு. யாழ்ப்பாணத்திலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் உறவினரின் பெட்டியிற் கிடந்த ஒரு படியைத் தேடிப் பெற்று, அதனை மின்வருடிப் பாதுகாக்கும் முயற்சியில் இளைஞர் பலர் ஈடுபட்டிருக்கின்றனர். ஆதலின், மாணவனொருவன் தான் பிடித்த படங்களுக்கும் தன் குடும்பத்தின் பழைய படங்களுக்குமாக ஓர் இணையத்தளம் அமைக்க முற்படுவானாயின், அதனை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. அம்முயற்சியில் தொடக்கத்தே தோன்றும் இடர்கள் யாவை, அவை ஏன் தோன்றுகின்றன என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணையத்தளம் என்பது மூன்று பொருள்களின் சேர்க்கை. முதலாவது, முகவரியாக அமையும் பெயர். இரண்டாவது, இடையறாது இயங்கும் சேவையகம் எனப்படும் கணினியிற் பெற்ற இடம். மூன்றாவது, அவ்விடத்தில் வைக்கப்பெறும் கோப்புகள். வாசகன் பெயரைத் தட்டெழுதியதும் அவனுடைய உலாவி அப்பெயருக்குரிய சேவையகத்தைத் தேடிச் சென்று, பக்கத்தைக் கேட்டுப் பெறுகின்றது. அப்பக்கத்தில் இன்ன இன்ன படங்கள் வேண்டும் என்று எழுதப்பட்டிருப்பின், அவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற்றுத் திரையில் அடுக்குகின்றது. படம் பக்கத்தினுள் ஒட்டப்பட்டிருக்கவில்லை; பக்கத்தில் இருப்பது படத்தின் பெயரும் அஃது இருக்கும் வழியுமே. இவ்வுண்மையை மனத்திற் கொண்டவனுக்கு இடர்களிற் பாதி விளங்கிவிடும்.

எஞ்சிய பாதிக்குக் காரணம் வேறொன்று. தளத்தை அமைப்பவன் தன் கணினியில், தன் திரையில், தன் எழுத்துருக்களோடு அதனைக் காண்கின்றான். வாசகன் காண்பதோ முற்றிலும் வேறான சூழலில். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குச் செல்லும் பேருந்தில் நின்றபடி கைத்தொலைபேசியிற் பார்ப்பவனும், பனிக்கால இரவில் ரொறன்ரோவிலிருந்து பார்க்கும் முதியவரும் அவன் கண்ட தளத்தைக் காண்பதில்லை. தொடக்கநிலையாளரின் பிழைகள் பெரும்பாலும் இவ்விரு பார்வைகளுக்கும் இடைப்பட்ட வேற்றுமையிற் பிறப்பனவே.

இதற்கு மிக எளிய எடுத்துக்காட்டு, தன் கணினியின் வன்தட்டில் உள்ள கோப்பின் வழியையே பக்கத்தில் எழுதிவிடுதல். பக்கத்தைத் தன் கணினியிலிருந்தே திறந்து பார்க்கும்போது படம் அழகுறத் தோன்றும். அதனைத் தளத்தில் ஏற்றியபின் நண்பனின் கணினியிற் படமிருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். நண்பனின் உலாவி அவ்வழியே சென்று தேட இயலாதன்றோ? படத்தின் வழி பக்கம் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி எழுதப்படல் வேண்டும். படக்கோப்பும் பக்கத்தோடு சேவையகத்திற்குச் சென்றிருத்தல் வேண்டும். பக்கத்தை ஏற்றிவிட்டுப் படத்தை ஏற்ற மறந்தவர் தொகையும் சிறிதன்று.

அடுத்த பிழை தமிழ் மாணாக்கர்க்குச் சிறப்பாக உரியது எனலாம். தமிழ் நெடுங்கணக்கிற் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை, ஆங்கிலத்தில் உண்டு. வீட்டுக் கணினிகளிற் பெரிதும் வழங்கும் வின்டோஸ் முறைமை கோப்புப் பெயர்களில் இப்பாகுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. சேவையகங்களிற் பெரிதும் வழங்கும் லினக்ஸ் முறைமையோ அதனைக் கண்டிப்பாகப் பொருட்படுத்தும். படக்கருவிகள் பல தம் கோப்புகளின் பெயரையும் ஜேபெக் என்னும் வகையைச் சுட்டும் ஈற்றையும் பெரிய எழுத்துகளிலேயே இடுகின்றன. மாணவன் பக்கத்தில் அதனைச் சிறிய எழுத்துகளில் எழுதுகின்றான். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கும். சேவையகத்தில் ஒரு படமும் தோன்றாது. இவ்வொரு பிழையைக் கண்டறிய முழு இரவையும் செலவிட்டோர் உளர்.

அங்ஙனமாயின் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிட்டால் என்ன என்னும் வினா எழுதல் இயல்பு. விருப்பம் நன்றே, எனினும் அதில் நுண்ணியதோர் இடர் மறைந்துள்ளது. வெள்ளவத்தைக் கடற்கரையிற் பிடித்த படத்திற்கு ‘வெள்ளவத்தை’ என்றும், கொட்டாஞ்சேனைத் தெருவொன்றிற் பிடித்த படத்திற்குக் ‘கொட்டாஞ்சேனை’ என்றும் ஒருவன் பெயரிட்டான் எனக் கொள்வோம். முன்னையது தோன்றுகின்றது, பின்னையது தோன்றவில்லை. எழுத்துப்பிழை உண்டோவென நூறு முறை நோக்கினும் பிழை காணப்படவில்லை. காரணம் யாதெனின், ‘கொ’ என்னும் எழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறி முறையில் இருவகையாக எழுதலாம். அதனை ஒரே குறியெண்ணாகவும் பதியலாம்; முன்னே நிற்கும் கொம்பையும் பின்னே நிற்கும் அரவையும் தனித்தனிக் குறியெண்களாகப் பிரித்தும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சேவையகத்திற்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஆப்பிள் கணினிகளில் 2017ஆம் ஆண்டுவரை வழங்கிய கோப்பமைப்பு இத்தகைய எழுத்துகளைப் பிரித்தே பதிந்துவைத்தது. பிற கணினிகளின் விசைப்பலகைகள் அவற்றைப் பெரும்பாலும் சேர்த்தே பதிகின்றன. ‘வெ’ என்னும் எழுத்துக்குக் கொம்பு மட்டுமே உண்டாதலின் அதற்கு இத்தொல்லை இல்லை. கொழும்பு, கோயில், பொன்னம்பலவாணேசர் முதலிய பெயர்கள் யாவும் இவ்வலையில் விழக்கூடியனவே. இவற்றை அறிந்து திருத்தும் கருவிகள் உண்டெனினும், தொடக்கநிலையாளன் கோப்பின் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்துகள், எண்கள், இணைகோடு ஆகியவற்றால் மட்டும் அமைத்து, தமிழ்ப் பெயரைப் பக்கத்திற் படத்தின் கீழே எழுதுதலே தக்கது. பெயர்களினிடையே வெற்றிடம் விடுதலும் ஆகாது.

தமிழைப் பக்கத்தில் எழுதும்போதும் ஒரு தடை குறுக்கிடும். ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் நெடுங்காலமாகப் பெருவழக்காக இருந்த ‘பாமினி’ எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் குறியெண்களுக்குத் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த எழுத்துருவாகும். எழுதியவனின் கணினியில் அவ்வெழுத்துரு இருப்பதால் அவனுக்குத் தமிழ் தெரியும். அஃதில்லாத வாசகனுக்கோ ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற குவியலே தெரியும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளியின் விசையைப் பயன்படுத்தியமையே அவ்வரைப்புள்ளிகளுக்குக் காரணம். தேடுபொறிகளும் அதனைத் தமிழாக அறியா. தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டது. பழைய ஆண்டுமலர்களுக்காகப் பாமினியிற் பொறித்த விளக்கங்களை எடுத்துத் தளத்தில் இடுவோர், முதலில் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். ஒருங்குறியில் எழுதியும் விளங்காக் குறிகள் தோன்றினால், பக்கத்தின் தலைப்பகுதியில் யூ.ரி.எவ்.-8 என்னும் குறியாக்க அறிவிப்பு விடுபட்டிருத்தல் கூடும்.

இனிப் படங்களின் அளவினை நோக்குவாம். தொடக்கநிலையாளரின் தளங்களிற் பெரும்பாலானவை வாசகரை இழப்பது இதனாலேயே. ஆடிவேல் விழாவின்போது வேலிரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வருவதை ஒருவன் 20 படங்களாக எடுத்தான் என்க. இக்காலத்துப் படக்கருவி பலவற்றில் ஒரு படம் அகலத்தில் 6000, உயரத்தில் 4000 படவணுக்களைக் கொண்டிருக்கும். அஃதாவது, மொத்தம் 2 கோடியே 40 இலட்சம் படவணுக்கள். அத்தகைய கோப்பொன்று ஏறத்தாழ 10 மெகாபைற் இருத்தல் கூடும். இருபதும் சேர்ந்தால் 200 மெகாபைற். கோப்பினை பைற் அளவிலும் இணைப்பின் வேகத்தைப் பிற் அளவிலும் கூறுதல் வழக்கம். 8 பிற் சேர்ந்தது ஒரு பைற். இவ்வேறுபாட்டை அறியாதார் தம் இணைப்பு எட்டு மடங்கு விரைவானது என மயங்குவர். விநாடிக்கு 8 மெகாபிற் செல்லும் இணைப்பில், அவ்விருபது படங்களும் வந்து சேர 200 விநாடிகள், அஃதாவது மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகும். தரவுக்குப் பணம் செலுத்திப் பார்க்கும் வாசகன் அதுவரை காத்திரான்.

படங்களைத் தளத்திற்கென நீளப்பக்கம் 2000 படவணுக்களாகச் சுருக்கினால், படவணுக்களின் தொகை ஒன்பதில் ஒரு பங்காகும். ஜேபெக் முறையில் அளவாக நெருக்கிச் சேமித்தால், கோப்பொன்று 400 கிலோபைற் அளவில் அடங்கும். இருபது படங்களும் 8 விநாடிகளில் வந்துவிடும். கைத்தொலைபேசித் திரையில் இவ்விரண்டிற்கும் வேற்றுமை காண்போர் அரியர். ஈண்டு ஒன்று குறிப்பிடத்தக்கது: பக்கத்தில் ‘இப்படத்தின் அகலம் 800’ என எழுதிவிடுவதனாற் கோப்பு சுருங்கிவிடாது. முழுக் கோப்பும் வந்து சேர்ந்தபின்னரே உலாவி அதனைச் சிறிதாக்கிக் காட்டும். கோப்பினையே சுருக்கிய பின்னர்த்தான் ஏற்றுதல் வேண்டும். அங்குலத்திற்கு 72 புள்ளிகள் என மாற்றினாற் போதும் என்று சில கைந்நூல்கள் கூறுவது அச்சுத் தொழிலிலிருந்து வந்த மயக்கமே. திரைக்கு வேண்டுவது படவணுக்களின் தொகை ஒன்றே. சுருக்கிய படியை மூலக் கோப்பின் மீதே சேமித்துவிடுதல் பெருந்தவறு. ஜேபெக் கோப்பினைத் திருத்தித் திருத்தி மீண்டும் சேமிக்குந்தோறும் நுண்விவரங்கள் சிறிது சிறிதாக இழக்கப்படுகின்றன; இழந்ததை மீட்டல் இயலாது.

நிறம் மாறித் தோன்றுதல் மற்றொரு குறை. தன் கணினியிற் செக்கச் செவேலென இருந்த குங்குமமும் பொன்னென ஒளிர்ந்த சாமந்தியும் தளத்தில் மங்கித் தோன்றினால், படம் ‘அடோபி ஆர்.ஜி.பி.’ என்னும் அகன்ற நிறவெளியில் இருத்தல் கூடும். அதனை அறிவிக்கும் குறிப்பு கோப்பிலிருந்து நீங்கிவிட்டாலும், காட்டும் மென்பொருள் அதனைப் பொருட்படுத்தாவிட்டாலும், நிறங்கள் வெளிறும். 1996ஆம் ஆண்டில் ஹியூலட் பக்கார்ட், மைக்ரோசொஃப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் முன்வைத்த ‘எஸ்.ஆர்.ஜி.பி.’ என்னும் பொது நிறவெளிக்கு மாற்றி ஏற்றினால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். நிறவெளியாலன்றித் திரையின் ஒளியளவாலும் படம் கெடுதலுண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலின் தூண்களை ஒருவன், உரிய அனுமதியோடு படமெடுத்து, இரவிலே இருண்ட அறையிற் பேரொளி வீசும் திரையில் திருத்துகின்றான் என்க. நிழலில் மறைந்த சிற்ப வேலைப்பாடு அவனுக்குத் தெளிவாகத் தெரியும். நண்பகலில் வீதியில் நின்று கைத்தொலைபேசியிற் பார்ப்பவனுக்குத் தெரிவதோ கரிய திரள் ஒன்றே. திரையின் ஒளியை நடுத்தரமாக வைத்துத் திருத்துதலும், ஏற்றுமுன் பகலொளியில் ஒருமுறை கைத்தொலைபேசியிற் பார்த்தலும் இதற்குப் பரிகாரம்.

நிமிர்ந்து நிற்கவேண்டிய படம் பக்கவாட்டிற் படுத்துக்கிடப்பின், படக்கருவி படத்தைத் திருப்பாது ‘திருப்பிக் காட்டுக’ என்னும் குறிப்பை மட்டும் கோப்பில் இட்டிருந்தது எனவும், இடைப்பட்ட மென்பொருள் ஒன்று அக்குறிப்பை நீக்கிவிட்டது எனவும் அறியலாம். படத்தை உண்மையாகவே திருப்பிச் சேமித்தல் வேண்டும். ஐபோன் கருவிகள் 2017ஆம் ஆண்டு முதல் ‘ஹெயிக்’ என்னும் வேறொரு வகையிற் படங்களைச் சேமிக்கின்றன. உலாவிகள் பல அதனைக் காட்டமாட்டா. ஜேபெக் வகைக்கு மாற்றியே ஏற்றுக.

திருத்திய படத்தை ஏற்றியபின்னும் பழைய படமே தோன்றுதல் பலரைக் கலங்கச் செய்யும். உலாவி ஒருமுறை பெற்ற கோப்பைத் தன்னிடத்தே சேமித்துவைத்து, மறுமுறை கேளாது அதனையே காட்டுவதுண்டு. உலாவியின் தனிமைச் சாளரத்தில் தளத்தைத் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கோப்பிற்குப் புதுப்பெயர் இடுதலே உறுதியான வழி. இதனை அறியாதார், சரியாகவே இருக்கும் பக்கத்தை மேலும் மேலும் திருத்திக் கெடுப்பர். பொதுவாகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் நன்று. நான்கினை ஒருங்கே மாற்றியவன் எதனாற் குறை நீங்கிற்று என்பதை அறியான்.

தளம் திறக்கவே இல்லையாயின், உலாவி காட்டும் எண்ணை முதலில் வாசித்தல் வேண்டும். 404 என்பது சேவையகம் கிடைத்தது, கேட்ட கோப்பு அங்கே இல்லை என்பதன் குறி, பெயர்ப்பிழையைத் தேடுக. 403 என்பது அனுமதி இல்லை என்பது; முகப்புப் பக்கத்திற்குச் சேவையகம் எதிர்பார்க்கும் ‘இன்டெக்ஸ்’ என்னும் பெயர் இடப்படாவிடினும் இது தோன்றும். 500 என்பது சேவையகத்தின் உள்ளேயே நேர்ந்த கோளாறு. எண்ணெதுவும் தோன்றாது, அத்தகைய பெயரே இல்லை என உலாவி கூறின், பெயரையும் சேவையகத்தையும் இணைக்கும் பதிவு இன்னும் பரவவில்லை எனலாம். பழைய பதிவை உலகின் பல கணினிகள் சில மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். பெயர்ச் சேவையகத்தையே மாற்றினால் இரண்டு நாள் வரை செல்லுதலும் உண்டு. ‘பாதுகாப்பற்றது’ என்னும் எச்சரிக்கை தோன்றினாற் சான்றிதழ் இல்லை, அல்லது அதன் காலம் முடிந்துவிட்டது. இக்காலத்தில் அது பல இடங்களில் இலவசமாகவே கிடைக்கின்றது. தானே புதுப்பிக்கப்படுமாறு அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

பெயரைப் பற்றியும் சில கூறுதல் வேண்டும். இலங்கைக்குரிய ‘எல்.கே.’ என்னும் ஈறு 1990ஆம் ஆண்டில் வழங்கப்பெற்றது. 2010ஆம் ஆண்டில் ‘இலங்கை’ எனத் தமிழெழுத்திலேயே அமைந்த ஈறும், சிங்கள எழுத்தில் அதற்கிணையான ஈறும் கிடைத்தன. எந்த ஈற்றைக் கொண்டாலும் பெயர் விலைக்கு வாங்கப்படுவதன்று. குறித்த காலத்திற்குப் பதிவு செய்யப்படுவதே. புதுப்பிக்க மறந்தாற் பெயர் பறிபோகும். கல்லூரி நிழற்படக் கழகம் ஒன்றின் தளத்தை மாணவத் தலைவன் தன் சொந்த மின்னஞ்சலிற் பதிவு செய்கின்றான். அவன் பல்கலைக்கழகம் செல்லும்போது கடவுச்சொல்லும் அவனோடு சென்றுவிடுகின்றது. அடுத்த ஆண்டு நினைவூட்டற் கடிதம் யாரும் திறவாத அஞ்சற்பெட்டிக்குச் செல்கின்றது. பொறுப்பாசிரியரின் பெயரிற் பதிவு செய்து, விவரங்களைக் கழகத்தின் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் இதனைத் தவிர்க்கும்.

பணம் செலவிடாது பெறும் இடங்களிற் படங்களை வைப்போர்க்கு வேறோர் எச்சரிக்கை உண்டு. பல்லாயிரவர் தம் பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிற்றீஸ் 2009ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஃபிளிக்கர் 2019ஆம் ஆண்டில் இலவசக் கணக்கொன்றிற்கு 1000 படங்கள் என எல்லை விதித்தது. இணையத்தளம் படத்தைக் காட்டும் இடமேயன்றிக் காக்கும் இடமன்று. மூலக்கோப்புகள் வீட்டில் ஒரு வன்தட்டிலும், வேறோர் ஊரில் உறவினர் வீட்டில் மற்றொன்றிலுமாக இருத்தல் வேண்டும். ஒரே வீட்டில் இரு படிகள் வைத்தால் என்னவாகும் என்பதைக் கொழும்புத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பழைய குடும்பப் படங்கள் சமூக வரலாற்றுக்கும் உரியனவாயின், 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ போன்ற எண்ணிம ஆவண முயற்சிகளிலும் ஒரு படியை ஒப்படைத்தல் நன்று.

ஈற்றில், கோப்பினுள் மறைந்திருக்கும் குறிப்புகளைப் பற்றி ஒரு சொல். கைத்தொலைபேசிகள் படம் எடுத்த நாளையும் நேரத்தையும் மட்டுமன்றி, இடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளையும் கோப்பிற் பதிந்துவிடுவதுண்டு. வீட்டு மாடத்தில் நிற்கும் தங்கையின் படத்தை மூலக்கோப்பாகவே ஏற்றுபவன், தன் வீடு இருக்கும் இடத்தையும் உலகிற்கு அறிவித்தவனாகின்றான். இடக்குறிப்பை நீக்கியே ஏற்றுதல் வேண்டும். ஆனால் எல்லாக் குறிப்புகளையும் ஒருங்கே துடைத்துவிடும் மென்பொருள்கள், பிடித்தவர் பெயரையும் உரிமைக் குறிப்பையும் விளக்கத்தையும் உடன் அழித்துவிடுகின்றன. பழைய படங்களின் பின்புறத்தே மையினால் எழுதப்பட்ட ‘இடமிருந்து வலமாக’ என்னும் பெயர் வரிசையே, இன்று முகமறியாதோரை இன்னார் என்று காட்டுகின்றது. மின்வருடிய கோப்பில் அதற்குரிய இடம் அவ்விளக்கக் குறிப்பே. தளம் மறைந்த பின்னரும் படியோடு செல்வது அது. ஆகவே இடத்தை மட்டும் நீக்கிப் பெயர்களை விட்டுவைக்குமாறு மென்பொருளைச் சரிசெய்து, ஏற்றிய கோப்பொன்றை மீண்டும் தளத்திலிருந்து இறக்கி, பெயர்கள் அதில் உளவோ எனப் பார்த்தல் வேண்டும்.